மூன்று வாரத்தில் 7 கிலோ குறைத்தேன், இப்போது 9 கிலோ ஏறிவிட்டது. மறுபடி அதே டயட் இருக்கலாமா?

கேள்வி: மேடம், வணக்கங்க. எனக்கு 38 வயது, உயரம் 157 செ.மீ. வீடு பெருந்துறைப் பக்கம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். பங்குனியில் தம்பி கல்யாணம் இருந்ததால் மாசியில் மூன்று வாரம் காலையில் எலுமிச்சை தேன் தண்ணீர், மதியம் காய்கறி சூப், ராத்திரி வெள்ளரிக்காய் என்று இருந்தேன். 76 கிலோ 69 ஆனது. இப்போது ஆவணியில் 78. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்திருக்கிறது. தையில் நாத்தனார் மகள் கல்யாணம், என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன், சீர்த்தட்டோடு முன்னால் நிற்க வேண்டியவள் நான். மார்கழியில் அதே சூப் டயட் இருக்கலாமா? அளவாகச் சாப்பிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் கொஞ்சமாகச் சாப்பிட்டால் எனக்கு வயிறு நிறைவதே இல்லை, மாமியாரும் வட்டலில் அள்ளி அள்ளி வைக்கிறார். காலையில் பஸ் பிடிக்கும் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, பத்தரைக்கு டீயும் பிஸ்கட்டும், மதியம் டப்பா சோறு, பொழுதோட போண்டா பஜ்ஜி, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் தோசை. கட்டுப்பாடே இல்லாதவள் என்று என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

பதில்: வேண்டாம் சகோதரி, மார்கழியில் அந்த சூப்பைத் தொடவே வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. மூன்று வாரம் வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டே கம்பெனி வேலையும் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் சமைத்தும் போட்ட ஒருத்தியைக் கட்டுப்பாடு இல்லாதவள் என்று யார் சொல்ல முடியும்? உங்களிடம் இல்லாதது கட்டுப்பாடு கிடையாது. பட்டினி கிடக்கப் பழகிவிட்டீர்கள், அளவாகச் சாப்பிட்டுப் பழக உங்களுக்கு வாய்ப்பே அமையவில்லை. இரண்டும் வேறு வேறு பழக்கம், ஒன்று தெரிந்ததால் இன்னொன்று தானாக வந்துவிடாது.

முதலில் அந்த 7 கிலோவை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், நீங்களும் கணக்குப் பிரிவுக்காரர்தானே. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி செலவாக வேண்டும். 7 கிலோவும் கொழுப்பாகவே கரைந்திருந்தால் கிட்டத்தட்ட 54,000 கலோரி, அதாவது 21 நாளும் தினம் 2500 கலோரிக்கு மேல் துண்டு விழுந்திருக்க வேண்டும். உங்கள் வயது, உயரம், உட்கார்ந்து பார்க்கும் வேலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் உடம்பு ஒரு நாளைக்கு மொத்தமாகச் செலவழிப்பதே சுமார் 1900 கலோரிதான். அந்த சூப்பும் தேன் தண்ணீரும் ஒரு 500 கொடுத்திருக்கும் என்று வைத்தால், மூன்று வாரத்தில் கரைந்த கொழுப்பு எப்படிப் பார்த்தாலும் நாலு கிலோவைத் தாண்டியிருக்காது, பெரும்பாலும் அதற்கும் கீழேதான். மீதி எங்கே போனது? கல்லீரலிலும் தசையிலும் நாம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, கிளைகோஜன் என்போமே, அது ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்ற நாலைந்து நாளில் அது காலியாகி, தண்ணீரும் சிறுநீராகப் போய்விடுகிறது. முதல் வாரத்தில் எடை மெஷின் காட்டிய அதிசயம் பெரும்பாலும் அதுதான். அப்புறம் தசை. பருப்போ முட்டையோ பாலோ இல்லாமல் இருந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துச் செலவு செய்யும். தம்பி கல்யாணத்துக்கு அடுத்த நாள் நீங்கள் வழக்கம்போலச் சாப்பிட ஆரம்பித்ததும் தண்ணீர் உடனே திரும்பியிருக்கும், போன தசை மட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

7 போய் 9 வந்த கதைக்கும் காரணம் இருக்கிறது. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார். போர்க்காலத்தில் பட்டினியில் கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஆய்வு, அவர்களும் விரும்பி வந்தவர்கள்தான். சில வாரங்களிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது, சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துப் படித்தார்கள், எரிச்சலும் சோர்வும் ஒட்டிக்கொண்டது. மறுபடி தாராளமாகச் சாப்பிட விட்டபோது வயிறு முட்டிய பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள், இழந்த தசை முழுசாகத் திரும்புவதற்குள் கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்குச் சுமார் 1600 கலோரி, நீங்கள் சாப்பிட்டது அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். 2011-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மிகக் குறைந்த கலோரியில் பத்து வாரம் இருந்து எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவும்தான் இருந்தது. வாய்க்காலில் அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத விவசாயி, வந்த அன்றைக்கு வயலை முட்ட நிரப்பிக்கொள்வான் இல்லையா, உடம்பும் அதைத்தான் செய்கிறது. அதனால் பங்குனிக்குப் பிறகு உங்களுக்கு வந்த பசி நிஜமான பசி. அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

முடி கொட்டுவதும் இதில் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். திடீர் பட்டினிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்ட ஆரம்பிக்கும், அதனால் டயட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது பலருக்குத் தோன்றாமலே போய், எண்ணெயையும் ஷாம்பூவையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். சத்து சரியானால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்பு அதிகம், நீங்கள் வாரத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிற மாதிரி வலி வந்தால் கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடாமல் ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.

டாக்டர்களே 800 கலோரி டயட் கொடுக்கிறார்களே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். உண்மைதான். பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வில் நாளுக்கு 850 கலோரிக்குள் சில மாதம் கொடுத்து, ஒரு வருட முடிவில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் அங்கே கொடுத்தது புரதமும் வைட்டமினும் அளந்து சேர்த்த உணவு. மாத்திரைகளை டாக்டர் பார்த்து நிறுத்தினார்கள், வழக்கமான சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்க்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். யூடியூபைப் பார்த்து சுரைக்காய் சூப் வைப்பது அதில் சேராது. இதைப் படிக்கிறவர்களில் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள் இருந்தால் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், சில வகை மாத்திரைகளில் ரத்தத்தில் அமிலம் ஏறி ஐ.சி.யூ. வரைக்கும் கொண்டுபோய் விடும். டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

சரி, இப்போது அளவு விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சமாகச் சாப்பிட்டால் வயிறு நிறைவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் சாப்பிடும் நேரங்களை வைத்துப் பார்த்தால் அது நிறையாமல் போவதில் ஆச்சரியமே இல்லை. ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டவர் அடுத்த நாள் மதியம் ஒரு மணி வரைக்கும் டீயையும் பிஸ்கட்டையும் வைத்து ஓட்டுகிறீர்கள். அவ்வளவு பசியோடு டப்பாவைத் திறந்தால் யாருக்குத்தான் அளவு தெரியும்? அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலையே காலையில் சாப்பிடுவதுதான். உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை என்றால் இரண்டு முட்டையை முந்தின நாளே அவித்து வையுங்கள், இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சந்தவையோ டப்பாவில் போட்டுக்கொண்டு போய் கம்பெனியில் வேலை தொடங்குவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள். பிஸ்கட்டை விட்டுவிடலாம், டீயில் சர்க்கரையைப் பாதியாக்கிவிடுங்கள்.

இரண்டாவது வேலை, முதல் வாரம் எதையும் குறைக்காமல் அளந்து மட்டும் பாருங்கள். வீட்டில் இருக்கும் 200 மி.லி. எவர்சில்வர் டம்ளரை எடுத்து, டப்பாவில் வைக்கும் சோற்றை அதில் அழுத்தாமல் போட்டு எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு டம்ளர் சோறு சுமார் 200 கலோரி. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரு டம்ளர் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போட ஆரம்பிப்பார்கள், மூன்றில் வந்து நிற்கும், அவர்களுக்கே நம்ப முடியாது. அரிசி பருப்புச் சாதத்தை அளக்க மறந்துவிடாதீர்கள். அது குழைவாக, மேலே நெய்யோ தேங்காய் எண்ணெயோ விட்டு, தயிரும் அப்பளமும் பக்கத்தில் இருந்தால் மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், இரண்டு வட்டல் சாப்பிட்டது எழுந்த பிறகுதான் தெரியும். தாளிக்கிற எண்ணெயையும் ஒரு ஸ்பூன் வைத்து அளந்து ஊற்றுங்கள், சாப்பாட்டு மேஜை ஸ்பூன் ஒன்றுக்கு 120 கலோரி, கடலை எண்ணெயானாலும் செக்கில் ஆட்டியதானாலும் அதேதான். வீட்டில் ஐந்து பேர் என்றால் மாதம் இரண்டரை லிட்டரில் சமையலை முடிக்கப் பாருங்கள்.

கண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2002-ல் பார்பரா ரோல்ஸ் என்பவரின் குழு அமெரிக்காவில் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. ஒரே உணவை ஒரு நாள் அரைக் கிலோ, இன்னொரு நாள் ஒரு கிலோ என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். அதிகம் வைத்த நாளில் சாப்பிட்டவர்கள் 30 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், அளவு மாறியதைப் பாதிக்கு மேற்பட்டவர்கள் கவனிக்கவே இல்லை. வட்டலில் எவ்வளவு விழுகிறதோ அதைச் சாப்பிட்டு முடிப்பதுதான் மனித சுபாவம், அதிலும் சோற்றை வீணாக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் ஊரில் கேட்கவே வேண்டாம். அதனால் குறைப்பதை வட்டலில் விழுவதற்கு முன்னால், போசியிலேயே குறைத்துவிட வேண்டும். வடிக்கும் அரிசியில் உங்கள் பங்குக்கு ஒரு கைப்பிடி குறையுங்கள். மீதிச் சோறு அடுப்படியில் இல்லாவிட்டால் ராத்திரி பாத்திரம் கழுவும்போது வீணாகிறதே என்று இரண்டு கவளம் வாயில் போடவும் நேராது. குழந்தைகள் வைத்துவிட்டுப் போகும் அரைத் தோசையும் இதில் சேர்த்திதான். நின்றுகொண்டு சாப்பிடுவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, உடம்பு சேர்த்துக்கொள்கிறது.

இரண்டாவது வாரத்தில் இருந்து மதியச் சோற்றை அரை டம்ளர் குறையுங்கள், அவ்வளவுதான், அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம். குறைத்த இடத்தைக் காலியாக விடாமல் பீர்க்கங்காய், அவரை, கீரை என்று எதையாவது ஒரு கை நிறைய அதிகம் வையுங்கள். பத்து நாள் போனதும் இன்னொரு அரை டம்ளர். இப்படி ஒன்றரை டம்ளரில் வந்து நின்றுகொள்ளுங்கள், அதற்குக் கீழே போக வேண்டியதில்லை. வட்டலில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ கறியோ முட்டையோ என்று கண்ணால் பார்த்தாலே தெரியும்படி வையுங்கள், சாப்பிடும்போது காயையும் பருப்பையும் முதலில் பாதி முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். காயும் பருப்பும் முதலில் போனால் சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது, 6.1-ல், சர்க்கரை நோயின் விளிம்பில் இருக்கும் உங்களுக்கு அது நல்லது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் பக்கம் ஆகும், நீங்களோ அனேகமாக எட்டு நிமிடத்தில் டப்பாவைக் கழுவி வைத்துவிடுகிறவர். இரண்டாம் தடவை போடுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரோ மோரோ குடித்துவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், அப்புறமும் பசித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். நிஜப் பசிக்குச் சாப்பிடுவது தப்பே இல்லை.

வயிறு நிறைய வைப்பதில் நம் பக்கத்துச் சமையலை மிஞ்ச எதுவும் கிடையாது என்று நான் மனசாரச் சொல்வேன். கொள்ளு இருக்கிறதே, 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம், நார்ச்சத்தும் அதிகம். கொள்ளை வேக வைத்துச் சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாய் வதக்கிச் சேர்த்துக் கடைந்து ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டால் ஒன்றரை டம்ளர் சோறு போதும் போதும் என்றாகிவிடும். சிலர் கொள்ளு ரசத்தை மட்டும் குடித்தால் கொழுப்பு கரையும் என்று வடித்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்கு வைத்துவிடுகிறார்கள், சத்தெல்லாம் மாட்டுக்குப் போகிறது. கொள்ளையே சாப்பிடுங்கள். பச்சைப்பயிறு கடைசல், தட்டப்பயிறு, கீரைக் கடைசல் எல்லாமே இப்படித்தான். அரிசி பருப்புச் சாதம் செய்யும்போது ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு போடுகிற வழக்கம் இருந்தால் அரை டம்ளராக்கிவிடுங்கள், ருசி குறையாது, அப்பளத்துக்குப் பதில் ஒரு பெரிய கிண்ணம் பொரியல். ராகிக் களியும் கம்பங்கூழும் நல்லதுதான், ஆனால் மாவாகப் பார்த்தால் கலோரி அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். சிறுதானியம் என்று மூன்று உருண்டை களி சாப்பிட்டுவிட்டு எடை குறையவில்லையே என்று கேட்பவர்கள் நிறையப் பேர், அதற்கும் அளவு உண்டு. பொழுதோட போண்டாவுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலையோ கொள்ளுச் சுண்டலோ டப்பாவில் எடுத்துப் போய்விடுங்கள், ராத்திரி தோசை நாலில் இருந்து இரண்டாகத் தானாகவே குறையும். ஒன்பதரையை எட்டு மணியாக்க முடிந்தால் ரொம்ப நல்லது, வீட்டில் மற்றவர்கள் சமையலில் ஒரு கை கொடுத்தால் முடியக்கூடியதுதான்.

மாமியாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வந்தவர்களுக்கு வயிறு நிறையப் போடுவதைத்தான் மரியாதையாகப் பார்த்து வளர்ந்தவர் அவர், கரண்டியைப் பிடித்துத் தடுத்தால் மனசு சங்கடப்படும். டயட் என்ற பேச்சையே எடுக்காமல், “சர்க்கரை வரப் பார்க்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்கத்தை, இப்ப கொஞ்சமா வைங்க, வேணும்னா நானே கேட்டு வாங்கிக்கறேன்” என்று ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர் ஆசைக்கு இரண்டாம் தடவை வைக்க இடம் விட்டு முதல் தடவை நீங்களே குறைவாகப் போட்டுக்கொள்வதும் நல்ல வழி, அந்த இரண்டாம் தடவைக்குக் கொள்ளோ பொரியலோ கேட்டு வாங்குங்கள். கொள்ளுப் பக்குவம் அவரைவிட உங்களுக்கோ எனக்கோ தெரிந்துவிடாது, அந்தப் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டால் சந்தோஷமாகச் செய்வார்.

இப்படிப் போனால் வாரம் அரைக் கிலோ குறையும், சில வாரம் குறையாமலும் நிற்கும். தைக்குள் ஆறில் இருந்து எட்டு கிலோ நியாயமான எதிர்பார்ப்பு. போதாது என்று தோன்றும், எனக்குத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து நடத்தி 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் நடக்கச் சொன்னதில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. மதியம் சாப்பிட்ட பிறகு கம்பெனி வளாகத்திலேயே பத்து நிமிடம், ராத்திரி சாப்பிட்ட பிறகு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம், இதிலேயே அந்த நடைக் கணக்கு சேர்ந்துவிடும். எடையை வாரம் ஒரு நாள் காலையில் பார்த்தால் போதும், இடுப்பை டேப் வைத்து மாதம் ஒரு தடவை அளங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்பார்கள்.

இடையில் நோம்பி வரும், ஒரம்பரை வரும், தீபாவளிக்குக் கச்சாயமும் ஒப்பிட்டும் வரும். ஒன்றோ இரண்டோ ஆசையாகச் சாப்பிடுங்கள், அடுத்த வேளை வழக்கமான அளவுக்கு வந்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டோமே என்று அடுத்த நாள் பட்டினி கிடப்பதுதான் உங்களை மறுபடி மாசிக்குக் கொண்டுபோகும். கல்யாணத்தன்று காலையிலும் வெறும் வயிற்றோடு மண்டபத்துக்குப் போகாதீர்கள், சீரெல்லாம் முடிந்து பந்தியில் உட்காரப் பதினொரு மணி ஆகிவிடும்.

ஆரம்பிப்பதற்கு முன் தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 நான்கும் பார்த்துவிடுங்கள். முடி கொட்டுவதற்கும் எடை இவ்வளவு வேகமாக ஏறியதற்கும் டயட்டோடு தைராய்டும் கூட்டுச் சேர்ந்திருந்தால் அதற்கு மாத்திரைதான் வேண்டும், சோற்றைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. மாதவிடாய் முறை தவறியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஹெச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்து, கார்த்திகைக் கடைசியில் மறுபடி எடுத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் நீங்கள் அளந்து எழுதிய டம்ளர் கணக்கையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், மார்கழிக்கு என்ன செய்வது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.